பதினோரு ஜோடிக் கண்கள்

உட்காருங்க சார், உட்காருங்க. பையைக் கீழ வைக்காதீங்க, தரை ஈரமா இருக்கு, இப்படிக் குடுங்க. உங்க பொண்ணும் இன்டர்வியூவுக்கா? நம்பர் என்ன, இருபத்தி மூணா? அப்ப சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கூப்பிடுவாங்க. எம் பொண்ணு பதினேழு. அதோ கதவுக்குப் பக்கத்துல நாற்காலியில, பச்சைச் சுடிதார், மடியில சிவப்பு வெல்வெட் பெட்டி வச்சிருக்கா பாருங்க, அவதான். தர்ஷினி. அது நம்ம கடையில கல்யாண ஆல்பம் போட்டுக் குடுக்கற பெட்டி. மூடியில தங்கக் கலர்ல 'மணமக்கள் வாழ்க'ன்னு இருக்கும். அதை மறைக்க மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கா. வேற யார் கையிலயாவது அப்படி ஒரு பெட்டி இருக்கா பாருங்க. எல்லாம் கறுப்புக் கறுப்பா அட்டை ஃபைல்.

நமக்குத் துறையூர். எம் பேரு குணசீலன், ஆனா அந்தப் பேரைச் சொன்னா எங்க தெருவுலயே முழிப்பாங்க. ஸ்டுடியோக்காரர்னு சொன்னாத்தான் தெரியும். சுகந்தி ஸ்டுடியோ. சுகந்தி எங்க வீட்டம்மா. இருபத்தாறு வருஷமா கடை நடக்குது சார், பாஸ்போர்ட் சைஸ்ல இருந்து ட்ரோன் வரைக்கும்.

டென்ஷனா? எனக்கா? ஒரு டென்ஷனும் இல்லை. இங்க உட்கார்ந்திருக்கற பெத்தவங்களைப் பாருங்க, பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்கறாங்க. நான் பாருங்க, ரெண்டு டீ குடிச்சாச்சு, ஒரு போண்டா ஆச்சு. ஏன்னா அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எம் பொண்ணுக்கே தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

சொல்றேன், சொல்றேன். நேரம் இருக்கே.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். நான் எதுலயும் தலையிடற ஆள் கிடையாது. பிள்ளைங்க இஷ்டம்னு விட்டுடுவேன். ப்ளஸ் டூ முடிச்சதும் நர்சிங் போகச் சொல்லி அவ அம்மா ஒத்தைக் கால்ல நின்னா. இவ போட்டோகிராபிதான் படிப்பேன்னா. போன்னு சொல்லிட்டேன். நம்ம தொழில்தானே. வீட்லயே கத்துக்கலாமேன்னு ஒரு வார்த்தை கேட்டேன். "உன்கிட்ட கத்துக்கிட்டதுக்கு மேல படிக்கணும்ப்பா"ன்னா. எவ்வளவு மரியாதையா சொல்றா பாருங்க.

இந்தக் காலேஜ்ல சேரணும்னா என்ன கேக்கறாங்க? ஒரே விஷயத்தைப் பத்திப் பன்னெண்டு படம். சொந்தமா எடுத்திருக்கணும். உங்க பொண்ணும் அதான் கொண்டு வந்திருக்கும். என்னது, பாலத்துக்கு அடியில இருக்கற கடைங்களா? ஆங், நல்லாருக்கு. அதுல ஒரு சூரிய உதயம் சேர்த்துக்கலாமே? சரி சரி, நான் தலையிடலை.

நான் எம் பொண்ணுக்கு யோசனை மட்டும் சொன்னேன். பெருமாள் மலையில விடியக்காலம் எடு, பாவாடை தாவணியில ஒரு பொண்ணை விளக்கோட நிக்க வை, ரோஜாப் பூவுல தண்ணி தெளிச்சு குளோசப் எடு. மூணும் பரிசு வாங்கற ஐட்டம். "நான் பார்த்துக்கறேன்ப்பா"ன்னுட்டா. சரின்னு என் பழைய கேமராவைக் கையில குடுத்தேன். ரெண்டு மாசம் சார். தினம் மத்தியானம் சோத்தைத் தின்னதும் கிளம்பிடுவா. அந்த வெயில்ல! நாய்கூட வெளிய வராது. மத்தியான வெளிச்சத்துல மூக்கு நிழல் வாயில விழுமேடின்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கணுமே.

கூப்பிட்டுட்டாங்க பாருங்க. பதினேழு! போ பாப்பா, போ. பெட்டியை நேராப் பிடி! தைரியமாப் போ!

உள்ள போயிட்டா. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சா, கவனிச்சீங்களா? கதவைப் பாதிதான் சாத்துறாங்க. உள்ள ஏசி இல்லை போல.

எங்க விட்டேன்? ஆங். போன வாரம் பென்டிரைவைக் கொண்டாந்து குடுத்தா. "அப்பா, பன்னெண்டும் பெரிய சைஸ்ல, மேட் பேப்பர்ல பிரிண்ட் போட்டு வை. எதுவும் பண்ணாத. கலரைக்கூடத் தொடாத"ன்னா. சொல்லிட்டு சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுக்கா ஆபீஸுக்குப் போயிட்டா. நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் திறந்தேன் சார்.

ஒண்ணொண்ணா மவுஸைத் தட்டித் தட்டிக் கடைசி வரைக்கும் போனேன்.

மொதப் படம், பூக்காரம்மா செல்லாயி. சுவத்துல சாஞ்சு தூங்குது. கையில பாதி கட்டின சரம் அப்படியே இருக்கு. ரெண்டாவது, எங்க கடைக்கு எதிர்க்கடை டெய்லர் முஸ்தபா பாய். மெஷின் மேல கன்னத்தை வச்சுத் தூங்கறார். மூணாவது ஒரு கண்டக்டர், பஸ் ஸ்டாண்டுல நிக்கற பஸ்ஸுல கடைசி சீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்கார். அப்புறம் ஒரு கல்யாணப் பொண்ணு, என்கூடக் கல்யாணத்துக்கு வந்தப்ப எடுத்திருக்கா, மணமகள் அறையில முழு நகையோட வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குது. அப்புறம் பேங்க் வாட்ச்மேன். அப்புறம் எங்க வீட்டம்மா சுகந்தி, கிரைண்டர் பக்கத்துல வெறுந்தரையில கையைத் தலைக்கு வச்சுப் படுத்திருக்கா. இப்படிப் பன்னெண்டு. கடைசிப் படம் யாரு தெரியுமா? நான். கஸ்டமர் உட்கார்ற ஸ்டூல்ல, பின்னாடி நீலத் திரை, நான் தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கறேன்.

பன்னெண்டு பேர் சார். ஒருத்தர் கண்ணுகூடத் திறக்கலை!

சிரிக்காதீங்க. நீங்க தொழில்ல இருந்திருந்தா தெரியும். எங்க தொழில்ல மொதச் சட்டமே கண்ணு திறந்திருக்கணும். குரூப் போட்டோவுல முப்பது பேர் நின்னு ஒரு சித்தப்பா கண்ணைச் சிமிட்டிட்டாருன்னா, அவரு கண்ணை இன்னொரு படத்துல இருந்து எடுத்து வச்சுத்தான் குடுப்போம். கண்ணு மூடின படத்தைக் கஸ்டமருக்கே குடுக்கமாட்டோம், புரொஃபசருக்குக் குடுப்போமா? படத்துல கண்ணு மூடியிருந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஆளு போயிட்டார்.

அதுவும் என் வேலைதான் சார். ஊர்ல பெரியவங்க நிறையப் பேருக்கு உசிரோட இருக்கும்போது ஒரு நல்ல படம் இருக்காது. செத்த அன்னிக்குத்தான் யாராவது செல்போன்ல ஒண்ணு எடுப்பாங்க. அதைக் கொண்டாந்து குடுத்து, "அண்ணே, மாட்டறதுக்கு ஒரு படம் வேணும்"பாங்க. நான் மூக்குப் பஞ்சை எடுத்துட்டு, தாடையைச் சுத்திக் கட்டின துணியை அழிச்சிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணைத் திறந்துவிடுவேன். துறையூர் சுத்துப்பட்டுல நான் கண்ணு திறந்துவிட்டவங்க ஐந்நூறு பேருக்கு மேல இருக்காங்க. ஒரு தடவை ஒரு அம்மா படத்தை வாங்கிப் பார்த்துட்டு, "எங்கப்பா என்னையே பார்க்கறாரு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அந்த வேலையில என்னை அடிச்சுக்க திருச்சியிலயே ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லலை.

அப்ப யோசிச்சுப் பாருங்க. என் கையில இப்படி ஒரு வித்தையை வச்சுக்கிட்டு, பெத்த பொண்ணு பன்னெண்டு சாவுப் படத்தைத் தூக்கிட்டு மெட்ராஸ் போறதைப் பார்த்துக்கிட்டு இருப்பேனா?

ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். ரெண்டு முழுப் பகல். எல்லாருக்கும் கண்ணைத் திறந்துவிட்டேன்.

கண்ணு எங்க கிடைக்கும்ங்கறீங்களா? துறையூர்ல பாதிப் பேரு கண்ணு என் ஹார்ட் டிஸ்க்லதான் சார் இருக்கு! செல்லாயிக்கு முதியோர் பென்ஷனுக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ இருந்துச்சு, அதுல இருந்து எடுத்தேன். பாய்க்கு அவர் பொண்ணு நிக்காஹ் படத்துல இருந்து. கல்யாணப் பொண்ணுக்குக் கேக்கவே வேணாம், ஆயிரம் படம் இருக்கு, மை தீட்டின கண்ணு. சுகந்திக்கு ஏற்காடு டூர் போனப்ப எடுத்த கண்ணு. அவளுக்குப் பத்து வயசு குறைஞ்சிடுச்சு. அந்தக் கண்டக்டர் மட்டும் வெளியூர்க்காரர் போல, படம் இல்லை. பேங்க் மேனேஜர் கண்ணை எடுத்து வச்சேன். கச்சிதமா உட்கார்ந்துச்சு! கண்டக்டருக்கே ஒரு தோரணை வந்துடுச்சு.

ஏன் சார் ஒரு மாதிரி பார்க்கறீங்க? படுத்துக்கிட்டே கண்ணைத் திறந்திருந்தா நல்லாருக்காதுங்கறீங்களா? நீங்க வேலையைப் பார்க்கலை, அதான். ஒட்டினது ஒரு இடத்துலகூடத் தெரியாது. மெஷின் மேல கன்னத்தை வச்சுக்கிட்டு பாய் நேரா நம்மளையே பார்ப்பார். அப்படியே ஓரத்துல தங்க எழுத்துல 'தர்ஷினி, சுகந்தி ஸ்டுடியோ, துறையூர்'னு போட்டு செல் நம்பரும் போட்டேன். ஒரு கௌரவமா இருக்கட்டுமேன்னு.

அவ பார்க்கலை. பார்க்க விடலை. மை காயணும், இருபத்தி நாலு மணி நேரத்துக்குத் திறக்கக்கூடாதுன்னு டேப் போட்டு ஒட்டிட்டேன். பிரிண்ட் விஷயத்துல நான் சொன்னா அவளுக்கு வேதவாக்கு. இப்ப உள்ள, அவங்க முன்னாடி திறக்கறப்பதான் பார்ப்பா. அந்த நேரம் அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சாலே எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது சார்.

பன்னெண்டு பேருக்குமான்னா, இல்லை. பதினொண்ணுக்குத்தான். என்னுது மட்டும் அப்படியே விட்டுட்டேன். கண்ணு கிடைக்கலை. நிஜமாத்தான் சார்! நாலு டெராபைட்டு ஹார்ட் டிஸ்க் பூரா தேடினேன். எங்க கல்யாண ஆல்பத்துல இருக்கேன், இருபத்தி நாலு வயசு. அந்தக் கண்ணை எடுத்து இந்த மூஞ்சியில வச்சா திருட்டு முழியா இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. பாப்பா மொட்டை, காதுகுத்து, பழனி, ஏற்காடு எல்லாத்துலயும் அவங்க ரெண்டு பேரும் நிக்கறாங்க. நான் எப்படி நிப்பேன், நான்தானே எடுக்கறேன்? சரின்னு டைமர் வச்சு பத்து எடுத்தேன். பத்துலயும் போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கறவன் மாதிரி விறைச்சுக்கிட்டு இருக்கேன். அந்தத் தூங்கற மூஞ்சியோட சேரவே இல்லை. போனாப் போகுது, ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்.

அவங்க ஏன் எல்லாரும் தூங்கறாங்க? அதைத்தான் சார் நானும் கேக்கறேன்! அதுக்கு ஒரு பக்கம் என்னவோ எழுதி, ஒரு மாசம் முன்னாடியே கம்ப்யூட்டர்ல அனுப்பிட்டா. அதன் காப்பி இந்த ஃபைல்ல இருக்கு. இங்கிலீஷ். எனக்குக் கல்யாணப் பத்திரிகை இங்கிலீஷ் வரைக்கும்தான் வரும். நீங்க பேங்க் வேலைன்னு சொன்னீங்கல்ல, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். எம் பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு நானும் கேட்டுக்கறேன்.

ம். ம்.

'எங்கள் ஊரில் எல்லாரையும் படம் எடுப்பவர் என் அப்பா.' பார்த்தீங்களா, மொத வரியே நான்தான்! சொல்லுங்க.

'அவர் கேமரா முன்னால் எல்லாரும் முதுகை நிமிர்த்திக் கண்ணை விரித்து உட்காருவார்கள்.' ஆமா, நான் சொல்லித்தான் உட்கார்றாங்க. அப்புறம்?

'அந்த முகம் ஊருக்காக வைத்துக்கொள்ளும் முகம். யாருக்காகவும் வைத்துக்கொள்ளாத முகத்தைத் தேடினேன். அது மத்தியானம் இரண்டு மணிக்குக் கிடைத்தது.' ம்.

'ஒவ்வொருவரும் விழித்த பிறகு படத்தைக் காட்டினேன். வேண்டாம் என்றவர்கள் படத்தை அழித்துவிட்டேன். சரி என்றவர்கள் இந்தப் பன்னிரண்டு பேர்.' அப்படியா? என்கிட்டயும் ஒரு நாள் கேமராவை நீட்டி என்னவோ கேட்டா, கஸ்டமர் இருந்தாங்க, பார்க்காமலே சரின்னுட்டேன். சுகந்தியும் என்கிட்ட சொல்லவே இல்லையே.

கடைசி வரி என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க.

'இந்தப் பன்னிரண்டு படங்களில் திறந்திருக்கும் கண் ஒன்றுகூடக் கிடையாது.'

அப்படியா எழுதியிருக்கா? கிடையாதுன்னா? நல்லாப் பாருங்க சார், கிடையாதுன்னுதான் இருக்கா?

இது அவங்ககிட்ட இருக்குமா? உள்ள இருக்கறவங்ககிட்ட? இதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் படத்தைப் பார்ப்பாங்களா?

ஐயையோ. சார், இந்தப் பையைப் பார்த்துக்கங்க. பென்டிரைவு எங்க, சட்டைப் பையில, இருக்கு, இருக்கு. வாட்ச்மேன் என்ன சொன்னாலும் சரி, நான் உள்ள போறேன்.

*

தண்ணி இருக்கா சார்? ஒரு வாய் குடுங்க.

இல்லை, லிஸ்ட்டு நாலு மணிக்குத்தானாம். உங்க பொண்ணுக்கு முடிஞ்சுதா? நல்லாப் பண்ணுச்சா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் நோட்டீஸ் போர்டுகிட்ட நிக்கறாங்க, நான் பார்த்தேன். என்னால அங்க நிக்க முடியலை. அதான் இங்க வந்துட்டேன்.

சொல்றேன். கதவுகிட்ட போறேன், உள்ள பேச்சுக் கேக்குது. நடுவுல ஒரு மேடம், கிராப்பு வெட்டின தலை, ரெண்டு பக்கமும் ரெண்டு சார். மேசை பூரா என் கைவேலை. பதினோரு பேரும் கூரையைப் பார்த்து முழிச்சுக்கிட்டு இருக்காங்க. கறுப்புச் சட்டை போட்ட சாரு கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டு இருக்கார். செல் நம்பரைத் தொட்டுக் காட்டி மேடம் கேக்கறாங்க, "இது யார் நம்பர்மா?" "எங்க ஸ்டுடியோ நம்பர் மேடம்." "ஒரு கண்ணும் திறந்திருக்காதுன்னு எழுதியிருக்க. இங்க இவ்வளவு பேரு எங்களை முறைக்கறாங்க. இதை யார் பண்ணது?"

எம் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா சார்? "நான்தான் மேடம்"னா.

"ஏன்?"

"சும்மா, மாத்திப் பார்க்கலாம்னு."

மேடம் பேனாவை மூடி வச்சுட்டாங்க. அவ்வளவுதான். பேனாவை மூடிட்டா மார்க்கு போட்டாச்சுன்னு அர்த்தம்தானே? கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டேன். "மேடம், அது நான்தான். நான் அவ அப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பெட்டியை ஒட்டிக் குடுத்ததே நான்தான். நான் பண்ணது தப்பு"ன்னேன். இருபத்தாறு வருஷத்துல என் வேலையைத் தப்புன்னு என் வாயால சொன்னது இதுதான் மொதத் தடவை சார். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் சிரிப்பை நிறுத்திட்டார்.

அவ என்னைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா.

பென்டிரைவை நீட்டினேன். ஒரு நிமிஷம் யாரும் கையை நீட்டலை. அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அது என் எதிரிக்கும் வரக்கூடாது. அப்புறம் மேடம் வாங்கி லேப்டாப்புல போட்டாங்க. சுவத்துல பெரிய திரையில படம் வந்துச்சு. என்னை வெளிய போகச் சொல்லலை. ஓரத்துல நின்னேன்.

செல்லாயி, பாய், கண்டக்டர், எல்லாம் ஒவ்வொண்ணா வந்து போச்சு. சுகந்தி வந்தா. ஆறடிக்கு. சார், அவ அவ்வளவு களைச்சுப் போயிருக்கான்னு எனக்குத் தெரியாது. அதே படத்தைக் கம்ப்யூட்டர்ல ஐந்நூறு பர்சென்ட் பெரிசு பண்ணி ரெண்டு மணி நேரம் பார்த்தவன் நான். கண்ணை எங்க வைக்கலாம்னு மட்டும்தான் பார்த்திருக்கேன். கண்ணுக்குக் கீழ அந்தக் கறுப்பை நானே துடைச்சு விட்டிருக்கேன். வெட்கமா இருந்துச்சு சார், அந்த ரூம்ல நிக்கவே.

கடைசியில நான். மேடம் பிரிண்டையும் திரையையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "இதுல மட்டும் ஏன் கை வைக்கலை?"ன்னு கேட்டாங்க. "கண்ணு கிடைக்கலை மேடம்"னேன். மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே உங்ககிட்ட சொன்ன மாதிரிதான் சொன்னேன், நாலு டெராபைட்டு, திருட்டு முழி, டைமர் எல்லாம். "கல்யாணத்துக்கப்புறம் இன்னொருத்தர் என்னை எடுத்த படம் இது ஒண்ணுதான் மேடம், எம் பொண்ணு எடுத்ததுதான்"னேன். அதுக்கு யாரும் சிரிக்கலை. பாப்பா மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தா.

அப்புறம் மேடம் அவளைப் பிடிச்சாங்க. நல்லாக் காய்ச்சினாங்க. "உன் படத்துக்காக நீயே பேசலைன்னா வேற யாரும்மா பேசுவா? எங்ககிட்ட பொய் சொல்லியிருக்க. அதையும் சேர்த்துத்தான் நாங்க யோசிப்போம்"னுட்டாங்க. போகலாம்னு சொல்லிட்டாங்க. நல்லதாவும் சொல்லலை, கெட்டதாவும் சொல்லலை. பேனாவைத் திறந்தாங்களான்னு நான் பார்க்கலை. பார்த்திருக்கணும்.

வராந்தாவுல நடந்து வர்றோம். எனக்குத் தாங்கலை. "ஏன் பாப்பா உன் வேலைன்னு சொன்ன? எங்கப்பன் பண்ணதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? ரெண்டு மாசம் வெயில்ல அலைஞ்சியே"ன்னு சத்தம் போட்டேன். போட்டிருக்கக்கூடாது, நான் பண்ணின காரியத்துக்கு. ஆனா போட்டேன்.

அவ மெதுவாச் சொன்னா. "கதவு திறந்திருந்துச்சுப்பா. நீ வெளியில உட்கார்ந்திருந்த. இது நல்லா இல்லைன்னு அவங்க சொல்லியிருந்தா உனக்குக் கேட்டிருக்கும்."

அவ்வளவுதான் சார் சொன்னா. சீட்டு போனாலும் பரவாயில்லைன்னு நினைச்சிருக்கா. என் காதுல அது விழக்கூடாதுன்னு. பெட்டியில டேப்பு ஒட்டும்போது நான் எவ்வளவு சந்தோஷமா ஒட்டினேன் தெரியுமா?

அப்புறம் நாலு அடி போயிட்டு நின்னா. "கண்டக்டருக்கு அந்தப் பேங்க் மேனேஜர் கண்ணையா வச்ச?"ன்னா. ஆமான்னேன். சிரிச்சுட்டா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிக்கிறா. பெட்டியைத் திறந்ததும் அவளுக்கு அதுதான் மொதல்ல தெரிஞ்சுதாம். சிரிப்பை அடக்கிக்கிட்டுத்தான் பொய் சொன்னாளாம். என்ன பிள்ளை பாருங்க.

இனிமே என் படத்தைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னா. பண்ணிட்டேன். கலரை மட்டும் லேசாத் தூக்கலாமான்னு கேட்டேன். முறைச்சா. சரி, அதுவும் இல்லைன்னுட்டேன். நான் எதுலயும் தலையிடற ஆள் கிடையாது சார், உங்களுக்குத்தான் தெரியுமே.

ஆனா இன்னிக்கு அந்த லிஸ்ட்டுல பேரு இல்லைன்னு வைங்க, அவளுக்கு அடுத்த வருஷம் இன்னொரு காலேஜு கிடைக்கலாம். எனக்கு? ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு உட்கார்றப்பவும் எதிர்ல அவ உட்கார்ந்திருப்பா. ஒரு வார்த்தை சொல்லமாட்டா. அது எனக்குத் தெரியும். திட்டினாலாவது பரவாயில்லை.

மணி என்ன சார், நாலு அஞ்சா? கூட்டம் நகருது பாருங்க. யாரோ பேப்பர் ஒட்டறாங்க. என்னால பார்க்க முடியாது. நீங்க பாருங்க, நீங்க உயரமா இருக்கீங்க. பச்சைச் சுடிதார். தெரியுதா? உங்க பொண்ணு பக்கத்துலதான் இருக்கும்.

குதிக்குதா? யாரு, உங்க பொண்ணா? அப்ப கிடைச்சிடுச்சு சார், உங்களுக்குக் கிடைச்சிடுச்சு! ரொம்ப சந்தோஷம். கையைக் குடுங்க. பாலத்துக்கு அடியில கடைன்னதுமே நினைச்சேன்.

எம் பொண்ணு? விரலை வச்சு ஒவ்வொரு பேரா பார்க்கறாளா? எந்தப் பக்கம், மேலயா, கீழயா? இன்னும் கீழயா? போதும் சார், சொல்லாதீங்க. சொல்லுங்க.

திரும்பிட்டாளா? ஓடி வர்றாளா? எனக்கு ஒண்ணும் தெரியலை சார், கண்ணு பூரா தண்ணியா மறைக்குது. சிரிக்கிறாளா, அழறாளான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

என்னவோ கத்தறாளே, என்ன கத்தறா? கடைசிப் பேரா? கடைசிப் பேரு அவளுதா?

கடைசியா இருந்தா என்ன சார். இருக்குல்ல. லிஸ்ட்டுல இருக்குல்ல! இங்க இருக்கேன் பாப்பா, இங்க! அப்பா இங்கதான் நிக்கறேன்!